மூத்தாருக்குப் பின்னால் வந்தவள்

தேவாரத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலை சுவர் மாதிரி நிற்கும். அந்தச் சுவரில் ஏறுகிற ஒற்றையடித் தடம் போய் முடிகிற கணவாய்தான் சாக்கலூத்து மெட்டு. மெட்டுக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் ராஜ்யம், ஏலத் தோட்டம், ஓயாத சாரல். இந்தப் பக்கத்து அரிசி போகாவிட்டால் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் அடுப்பு எரியாது. வண்டி ஏறாது. மட்டக்குதிரையையே ஆள் இறங்கிக் கையில் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். தேவாரத்து ஆள் மட்டும் அறுபது ராத்தல் அரிசியைத் தலையில் வைத்து, வெறுங்காலோடு, வெற்றிலையை மென்றுகொண்டு ஏறுவான். மதுரையில் படித்துவிட்டு வந்தவர்களிடம் இதைச் சொன்னால் கதை என்பார்கள். அவர்கள் ஒரு தடவை வெறுங்கையோடு ஏறிவிட்டு வரட்டும். மூச்சு மிச்சமிருந்தால் அப்புறம் பேசலாம்.

ஆண்கள் ஏறினதைச் சொல்ல ஊருக்கு ஊர் ஆள் உண்டு. அதே தடத்தில் அதே அறுபது ராத்தலோடு பெண்கள் ஏறினதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால்தான் பஞ்சம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் அவளைப் போல ஒரு காலும் கழுத்தும் கிடைக்காது.

பிறந்த ஊர் மயிலாடும்பாறை. பதினாறு வயதில் தேவாரத்துக் கர்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கர்ணனுக்கு ஒரே அண்ணன், வேலுச்சாமி. அவர் மனைவி ராக்கம்மாள். ஒரே வளவில் இரண்டு அடுப்பு. மூன்று குறுக்கம் மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் மெட்டு. கல்யாணமான ஐந்தாம் வருஷம் கர்ணன் வழுக்குப் பாறையில் சுமையோடு விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் ஆடு மேய்க்கப் போனான். அவனுடைய சும்மாட்டைச் சுருட்டித் தன் தலையில் வைத்துக்கொண்டு பஞ்சம்மாள் மெட்டுக்குப் போனாள்.

வேலுச்சாமி அவளுக்கு மூத்தார். புருஷனுக்கு அண்ணன் என்றால் அந்தக் காலத்தில் சாமிக்குச் சமம். சாமியிடமாவது நேருக்கு நேர் நின்று பேசிவிடலாம். மூத்தாரிடம் பேசக் கூடாது, பேரைச் சொல்லக் கூடாது, அவருக்கு முன்னால் நடக்கக் கூடாது. தடத்தில் அவர் வந்தால் ஒதுங்கி, மலைப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்று, காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகே திரும்ப வேண்டும். பேசியே ஆக வேண்டும் என்றால் ஆட்டைப் பார்த்தோ அடுப்பைப் பார்த்தோ சொல்லலாம். அவரும் தூணைப் பார்த்துப் பதில் சொல்வார். ஒன்பது வருஷம் ஒரே வளவில் இருந்தும், அவருடைய முகத்தை விட முதுகைத்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சுமைகாரர்கள் வரிசையாகத்தான் ஏறுவார்கள். முதலில் போகிறவனுக்கு முன்சுமை என்று பேர். அவனுடைய நடைதான் வரிசைக்கு நடை. அவன் சுமைதாங்கிக் கல்லில் இறக்கினால் எல்லாரும் இறக்க வேண்டும். அவன் வெற்றிலை போட்டு முடிகிறவரை எல்லாரும் நிற்க வேண்டும். முன்சுமைக்குப் பின்னால் ஆண்கள், கடைசியில் பெண்கள். தலையில் பாரம் வைத்து நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாரம் கொல்லாது, அடுத்தவன் நடைக்கு நம் காலைக் கட்டிப் போடுவதுதான் கொல்லும். பஞ்சம்மாள் தன் நடையில் போனால் உச்சிக்கு முன்னாலே மெட்டில் இருப்பாள். வரிசையில் போனால் உச்சி சாய்ந்துவிடும். அங்கே அரிசியை இறக்கி, ஏலக்காயை ஏற்றி, மறுபடி வரிசையில் இறங்கி வீடு வர விளக்கு வைத்து நாழியாகிவிடும்.

பிள்ளை இல்லாதவரை அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கல்யாணமான ஒன்பதாம் வருஷம் குழந்தை பிறந்தது. எட்டு வருஷம் கோயில் கோயிலாக நடந்து பெற்ற பெண் பிள்ளை. அதற்கு ஐந்து மாதமானதும் மறுபடி மெட்டுக்குப் போனாள். மூன்றாம் சுமைதாங்கிக்கு வருவதற்குள் மார் கல்லாகிவிடும். பாறை மறைவில் பாலைப் பீய்ச்சிவிட்டு வந்து நிற்பாள். ஆண்கள் அப்போதுதான் வெற்றிலைப் பையை அவிழ்ப்பார்கள். வீட்டுக்கு வரும்போது பிள்ளை அழுது அழுது தூங்கிப் போயிருக்கும். இரண்டு மாதம் இதைப் பார்த்தாள். தானே முன்சுமையாக வேண்டும், வேறு வழி இல்லை என்று அவளுக்குப் பட்டது.

முன்சுமை யார் என்று எதை வைத்து முடிவு செய்வது? பந்தயந்தான். தேனிக் கடைவீதி வியாபாரி சங்கரலிங்கத்துக்கு மெட்டுக்கு மேலே ஏலத் தோட்டம். வருஷா வருஷம் ஆவணியில் காய் பறிப்புத் தொடங்கும்போது, அடிவாரத்து அரிசிக் கிட்டங்கியிலிருந்து மெட்டிலுள்ள திருவிதாங்கூர்ச் சுங்கச் சவுக்கை வரை சுமைப் பந்தயம் வைப்பார். ஆளுக்கு அறுபது ராத்தல். சுமை தரையைத் தொடக் கூடாது. முதலில் வந்து சவுக்கைத் தராசில் இறக்குகிறவன் அந்த வருஷத்து முன்சுமை. தலைப்பாகை, ஒரு கம்பளி. ஐந்து வருஷமாக அது வேலுச்சாமி. பக்கத்து ஊர்க் கோம்பைச் சீனிச்சாமி ஐந்து வருஷமாக இரண்டாவது.

1936-ஆம் வருஷம் கிட்டங்கி வாசலில் பேர் கேட்டார்கள். பதினொரு ஆண்கள் பேர் கொடுத்தார்கள்.

"வேற ஆரு?" என்றார் சங்கரலிங்கம்.

"நானுங்க" என்றாள் பஞ்சம்மாள்.

கிட்டங்கி வாசல் சிரித்தது. சீனிச்சாமி சொன்னான்: "ஏத்தா, பாதித் தடத்துல பிள்ளைக்குப் பால் குடுக்கணும்னு உக்காந்துட்டா ஆரு சுமை தூக்கிவிடுறது?"

"எம் பிள்ளை அதோட அய்யாகிட்ட இருக்கு. ஒங்க பிள்ளைக எங்கன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

சிரிப்பு இந்த முறை சீனிச்சாமி பக்கம் திரும்பியது. அவனுக்கு ஏழு பிள்ளைகள். பேர் சொல்லச் சொன்னால் ஐந்தாவதில் நிற்பான்.

"பொம்பளை வரக் கூடாதுன்னு எங்கனயாச்சும் எழுதியிருக்காங்களா?" என்று அவள் சங்கரலிங்கத்தைக் கேட்டாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதலை தாயி. எழுதணும்னு தோணலை."

அங்கிருந்த பெரியவர்கள் யோசனை சொன்னார்கள். பிள்ளை பெற்ற உடம்பு, பந்தயத்துக்கு ஓடினால் கருப்பை இறங்கிவிடும் என்றார்கள். அதே உடம்பு அதே சுமையோடு இரண்டு மாதமாகக் கூலிக்கு ஏறி இறங்கியதை அவர்கள் எல்லாருமே பார்த்திருந்தார்கள். கூலிக்கு இறங்காத கருப்பை பந்தயத்துக்கு மட்டும் எப்படி இறங்கும் என்று கேட்க அங்கே ஒரு ஆளுக்கும் வாய் வரவில்லை.

வீட்டில் ராக்கம்மாள் அடுப்பில் களியைத் துடுப்பால் கிண்டியபடி ஆரம்பித்தாள்.

"ஏண்டி, எம் புருசன் தலையில இருக்குற தலைப்பாகை ஒன் கண்ணை உறுத்துதாக்கும்."

"தலைப்பாகையை வச்சு நான் என்னக்கா செய்யப் போறேன். பொழுதோட வீடு வரணும் எனக்கு."

"அதுக்கு மூத்தாரைத் தாண்டிப் போவியா? தாண்டிட்டு இந்த வளவுக்குள்ள எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவ? ஊரு என்னையத்தான கேக்கும், ஒன் ஓரகத்திக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு."

 பஞ்சம்மாள் யோசித்து யோசித்துப் பார்த்தும் முட்டி நின்ற இடம் அதுதான். சீனிச்சாமியைத் தாண்டலாம். மற்ற ஒன்பது பேரைத் தாண்டலாம். மூத்தாரைத் தாண்ட முடியாது. போன வருஷம் ஜெயித்தவர் பத்தடி முன்னால் நின்று கிளம்புவது வழக்கம். ஆகவே முதல் அடியிலிருந்தே அவர் முன்னால், அவள் பின்னால்.

அன்று சாயங்காலம் வேலுச்சாமி தொழுவத்தில் நின்று, தூணைப் பார்த்துச் சொன்னார்: "கர்ணா, ஒன் வீட்டுல வரணும்னா வரட்டும். முன்னால நான் போறேன், பின்னால வந்தா நமக்கென்ன. ரெண்டாவதும் நம்ம வீட்டுக்கே வந்துட்டுப் போகுது. கோம்பைக்காரன் மூணாவது வரட்டும்."

ராக்கம்மாளுக்கு உடனே மனசு ஆறிவிட்டது. ஊரும் சமாதானமாகிவிட்டது. கயிறு மூத்தார் கையில் இருக்கிறது, மாடு எவ்வளவு துள்ளினால் என்ன என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

கர்ணன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டான்: "எங்கண்ணனைத் தாண்டாம எப்படி ஜெயிக்கப் போற?"

"தெரியலை. அங்கன போய்ப் பாத்துக்கிடுவோம்."

"மூணாம் சுமைதாங்கிக்கு மேல அவருக்குத் தொடை பிடிக்கும். ரெண்டு வருசமாப் பிடிக்குது. ஆருகிட்டயும் சொல்ல மாட்டாரு." கொஞ்ச நேரம் பிள்ளையைத் தட்டிவிட்டுச் சொன்னான்: "நான் சொன்னேன்னு சொல்லிப்பிடாத."

பந்தயத்தன்று விடிந்ததும் தப்பு அடித்தார்கள். சேலையைக் கெண்டைக்கால் தெரிய ஏற்றிச் செருகியிருந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்தே ஒருத்தி, "கட்டியிருக்குற கோலத்தைப் பாரு" என்றாள். தினமும் அப்படித்தான் கட்டிக்கொண்டு ஏறுகிறாள். அன்றைக்குத்தான் அது கோலமாகிவிட்டது.

முதல் சுமைதாங்கி வரை மூச்சை அடக்கிக் கடைசி ஆளாகப் போனாள். ஊத்துத் திருப்பத்தில் இரண்டு பேர், மூங்கில் காட்டில் நான்கு பேர் பின்னால் போனார்கள். பின்னால் வருகிற ஆள் "வழி" என்று குரல் கொடுத்தால் முன்னால் போகிறவன் ஒதுங்கிக் கொடுப்பது தடத்து முறை. அவர்கள் கொடுத்தார்கள். பெண் குரல் என்று தெரியாமல் கொடுத்துவிட்டு, தெரிந்த பிறகு வைதார்கள். இரண்டாம் சுமைதாங்கிக்குள் இன்னும் மூன்று பேர் பின்னால் போனார்கள். சீனிச்சாமி மட்டும் கொடுக்கவில்லை. "வழி, வழி" என்று மூன்று தடவை சொன்னாள். அவன் தடத்தை அடைத்து, வலமும் இடமுமாக நடந்தான்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம் ஆத்தா" என்றான்.

அவள் பள்ளத்துப் பக்கம் இறங்கினாள். கால் வைக்க ஒரு சாண் இடம். கீழே நூறு ஆள் ஆழம். ஆடு போகிற விளிம்பில் அறுபது ராத்தலோடு பதினைந்து அடி நடந்து, அவனுக்கு முன்னால் தடத்தில் ஏறினாள். தலைச்சுமையை ஒரு கையால் கூடப் பிடிக்கவில்லை. இதை அவனே பிற்காலத்தில் எல்லாரிடமும் சொன்னான், அவளுக்குத் தானே பழக்கிவிட்ட மாதிரி.

மூன்றாம் சுமைதாங்கிக்கு மேலே, சாரல் அடிக்கிற இடத்தில், அந்த முதுகு தெரிந்தது.

பஞ்சம்மாள் நடையைக் குறைத்தாள். பத்தடி தள்ளி, அவர் அடிக்கு அடி வைத்துப் போனாள். தினமும் படுகிற பாடுதான். கழுத்து முறுகியது. மார் கட்டத் தொடங்கியது. "வழி" என்று ஒரு வார்த்தை. யாரிடமும் சொல்லலாம், இவரிடம் சொல்ல முடியாது. வேலுச்சாமியின் வலது கால் இழுபட்டது. கர்ணன் சொன்னது சரி. மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். பின்னால் மெட்டிச் சத்தம் கேட்டிருக்கும், திரும்பவில்லை. திரும்பிப் பார்ப்பது அவருக்கும் முறையில்லை.

கீழே மூங்கில் கழி ஊன்றுகிற சத்தம் கேட்டது. சீனிச்சாமி நெருங்கிக்கொண்டிருந்தான். அவர் இந்த நடை நடந்தால் வழுக்குப் பாறைக்குள் சீனிச்சாமி வந்துவிடுவான். வந்து "வழி" என்பான். இவரிடம் சொல்ல அவனுக்கு எந்தத் தடையும் இல்லை. இரண்டு பேரையும் தாண்டிவிடுவான். அவள் கால் நன்றாக இருக்கும்போதே, மூச்சு நன்றாக இருக்கும்போதே, ஒரு முறைக்காகத் தோற்கப் போகிறாள். அழுகை வந்தது. தலையில் சுமை இருக்கும்போது அழுதால் மூக்கைத் துடைக்கக் கூட முடியாது என்று அதையும் அடக்கினாள்.

வழுக்குப் பாறையின் அடியில் வேலுச்சாமி நின்றார். பாறையைப் பார்த்துப் பேசினார்.

"ஏ பாறை, பின்னால வாரது கோம்பைக்காரன் தானா?"

பஞ்சம்மாளும் பாறையைப் பார்த்தாள். "ஆமான்னு சொல்லு பாறை. அம்பதடியில வாராரு."

"எனக்குக் கால் வரலை. இது ஆருக்கும் தெரிய வேண்டாம்."

"பாறை ஆருகிட்டச் சொல்லப் போகுது."

வேலுச்சாமி தொடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தார். சாரல் மூட்டைமேல் சொட்டியது.

"மெட்டிக்காரக காலு எப்படி இருக்குன்னு கேளு பாறை."

"நல்லா இருக்குன்னு சொல்லு. இன்னொரு மெட்டு இருந்தாலும் ஏறுவேன்னு சொல்லு."

"பேச்சைப் பாரு" என்றார் பாறையிடம். பிறகு சொன்னார்: "முன்சுமை கோம்பைக்குப் போகப்பிடாது. போகச் சொல்லு."

சொல்லிவிட்டு அவர் ஒரு காரியம் செய்தார். தடத்தை விட்டு ஒதுங்கினார். சுமையோடு, மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தலையைக் குனியாமல் நின்றார். ஒன்பது வருஷம் பஞ்சம்மாள் அவருக்காக நின்ற நிலை அது. ஓர் ஆண் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை. கொஞ்சம் தயங்கினாள். முறை பார்க்கிற புத்தி அவ்வளவு லேசில் போய்விடாது. பிறகு மூச்சைப் பிடித்து, அவர் முதுகுக்குப் பின்னால், மெட்டிச் சத்தம் கேட்காத மாதிரி பாதத்தை அழுத்தி வைத்துக் கடந்தாள்.

கடந்ததுதான் தெரியும். அதற்கு மேல் அந்தக் கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. வழுக்குப் பாறையை ஆடு மாதிரி ஏறினாள். கீழே வேலுச்சாமி மறுபடி தடத்தில் ஏறி, நட்ட நடுவில், மெதுவாக நடக்கத் தொடங்கியிருந்தார். சீனிச்சாமி "வழி, வழி, வழி" என்று கத்துகிறது மலை முழுக்கக் கேட்டது.

"எனக்கும் காது மந்தந்தாண்டா சீனி" என்றார் வேலுச்சாமி.

சவுக்கையில் இருந்த மலையாளக் காவலர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஒரு பெண்ணாணோ ஆத்யம்?" என்றார். பெண்ணா முதலில் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்கு மூச்சில்லை. தராசில் இறக்கினாள். அறுபது ராத்தல். ஒரு மணி அரிசி குறையவில்லை.

மட்டக்குதிரையில் முன்னமே வந்து காத்திருந்த சங்கரலிங்கம் தலைப்பாகைத் துணியை வைத்துக்கொண்டு விழித்தார். ஒரு பெண் தலையில் அவர் எப்படிக் கட்டுவார்? வேலுச்சாமி வந்து சுமையை இறக்கியதும், "இதை ஒன் தலையில கட்டிருவமா வேலு? வீட்டுக்கு மூத்தவன் நீதான" என்று வழி கண்டுபிடித்தார்.

வேலுச்சாமி தொடையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ஜெயிச்ச ஆளுக்குக் குடுங்க."

துணியைக் கையில் கொடுத்தார்கள். பஞ்சம்மாள் அதைச் சுருட்டி, பழைய சும்மாட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. அதன்மேலேயே ஏலக்காய் மூட்டையை வைத்து இறங்கினாள்.

ஜெயித்தது பெரிதில்லை. மறுநாள் காலை அடிவாரத்தில் வரிசை நிற்க வேண்டுமே, அதுதான் பெரிது. பஞ்சம்மாள் சுமையோடு முன்னால் போய் நின்றாள். பின்னால் ஒருவனும் வரவில்லை.

"பொம்பளை முதுகைப் பாத்துக்கிட்டு மலை ஏற எங்கய்யா என்னையப் பெக்கலை" என்றான் சீனிச்சாமி. நாலைந்து பேர் ஆமாம் போட்டு, மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

எல்லாரும் வேலுச்சாமியைப் பார்த்தார்கள். அவர் அவளுக்குப் பின்னால் நடந்தால் மூத்தார் முறை கெட்டுப் போகும். அவர் நடக்காவிட்டால் யாரும் நடக்கப் போவதில்லை. அவர் வெற்றிலையைத் துப்பினார். சுமையைத் தூக்கித் தலையில் வைத்தார். வரிசையில் அத்தனை ஆண்களையும் தாண்டி, பெண்களையும் தாண்டி, ஆகக் கடைசியில் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் முன்னால் நிற்கிறவள் தெரிய மாட்டாள். முறையும் கெடவில்லை.

ஐந்து வருஷம் முன்சுமையாக இருந்த ஆள் கடைசியில் நிற்கும்போது, நடுவில் நிற்பதற்கு எவன் மறுப்புச் சொல்வான்? சீனிச்சாமி எழுந்தான். மற்றவர்கள் எழுந்தார்கள். வரிசை நகர்ந்தது.

அந்த வருஷம் தொட்டுப் பத்து வருஷம் பஞ்சம்மாள் முன்சுமை. பாதி வரிசைக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் இரண்டு நேர நடை ஒரு நேரமாகி, வருகிறவர்கள் எல்லாம் வெளிச்சத்தோடு வீடு சேர்ந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் அவளுக்கு அடுத்தபடி நடக்க வேண்டும் என்று வைத்தவளும் அவள்தான். வேலுச்சாமி கடைசிவரை அவளிடம் நேரே ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியது வந்தால் தூண் இருந்தது.

முன்சுமையாகப் போன அந்த முதல் நாள் அவள் வளவுக்குள் வந்தபோது மலை உச்சியில் இன்னும் வெயில் இருந்தது. ராக்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். கர்ணன் வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கேழ்வரகுப் பாலை ஊட்டிக்கொண்டிருந்தான். பாதி பிள்ளையின் கழுத்தில் வழிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்துப் பயந்துபோய், "என்ன இம்புட்டுச் சீக்கிரம்? சுமையைப் போட்டுட்டு வந்துட்டியா? ஆருகூடயும் சண்டையா?" என்றான்.

பஞ்சம்மாள் பிள்ளையை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சண்டைக்கு ஆளில்லை" என்றாள். "எல்லாம் பின்னால வாராக."